அல்சூரிலிருந்து எழுதுகிறேன்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் தமிழ் பேசும் ஜூனியர் பிள்ளைகள், அம்மாவிடம் துணி தைக்க வரும் அக்காமார், குடியாத்தத்திலிருந்து போன் செய்யும் மாமன் மகள்கள் என்று எல்லோரும் நான் தமிழில் கதை எழுதுவதைப் பற்றி கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என்ன படிக்கிறீர்கள்? வீட்டில் யார் யார்?

பி.காம். மூன்றாம் ஆண்டு. வீடு பெங்களூரு அல்சூரில், சோமேசுவரர் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார். அப்பாவைப் பெற்ற ஆயா எங்களோடு இருக்கிறார். ஆயா கல்யாணமாகி குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். அப்பாவும் நானும் பிறந்தது இந்த ஊரில்.

ஒரு நாள் எப்படிப் போகும்? எழுத நேரம் எங்கே கிடைக்கிறது?

எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடிவதற்கு முன்னால் வரும். அன்று ஐந்து மணிக்கு எழுந்து டிரம்மும் குடங்களும் நிரப்புவது என் வேலை. தொரெக்காடனஹள்ளியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர், மேட்டில் ஏற்றி ஏற்றிக் கொண்டுவருகிற தண்ணீர் அது. எங்கள் குழாய்க்கு வரும்போது சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். டிரம் நிரம்ப இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடம் மாடிப்படியில் உட்கார்ந்து, முந்தின நாள் காதில் விழுந்த ஒரு பேச்சை நோட்டில் எழுதுவேன். கதையெல்லாம் கிடையாது. பஸ்ஸில் ஒரு பாட்டி கண்டக்டரிடம் சொன்னது, இஸ்திரிக்காரர் போனில் யாரையோ சமாதானப்படுத்தியது, இப்படி இரண்டு மூன்று வரி. தண்ணீர் வராத நாளிலும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

எட்டரைக்கு முதல் வகுப்பு. பஸ்ஸில் போகிறேன். சக்தி திட்டம் வந்த 2023 ஜூனிலிருந்து கர்நாடகத்துப் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் கட்டணம் கிடையாது. மிச்சமாகிற காசு அப்படியே புத்தகத்துக்குப் போகிறது. இரண்டு மணிக்கு வகுப்பு முடிந்ததும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறரை வரை டேலி என்ட்ரி. மாதம் ஆறாயிரம் ரூபாய். பில்லைப் பார்த்து எண்ணைப் போடுகிற வேலைதான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கடையின் பில்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தால் அந்தக் குடும்பத்தில் எப்போது கல்யாணம் நடந்தது, எப்போது ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும். அதையெல்லாம் கதைக்குள் கொண்டுவரமாட்டேன். அது என்னை நம்பிக் கொடுத்த கணக்கு. ஆனால் ஒரு மனிதரை அவர் செலவழிக்கிற விதத்திலிருந்து பார்க்கலாம் என்பதை அந்த வேலைதான் கற்றுக்கொடுத்தது.

இரவு சாப்பாடு முடிந்து, அம்மாவின் மிஷின் சத்தம் நின்றபிறகு, ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை சமையலறைத் தரையில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன். ஜிஎஸ்டி கணக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் தாக்கல் செய்யவேண்டும். அவற்றுக்கு முந்தைய மூன்று நாட்கள் ஆபீஸிலேயே எட்டு மணி ஆகிவிடும். அந்த நாட்களில் கதையைத் தொடுவதில்லை. முதலில் இதற்கு வருத்தப்பட்டேன். பிறகு நாட்காட்டியில் அந்த நாட்களை முன்கூட்டியே அடித்து வைத்துவிட்டேன், வருத்தம் போய்விட்டது.

பள்ளியில் தமிழ் படிக்கவில்லை என்கிறீர்கள். பிறகு எப்படி?

பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ். பதினான்கு வயதுவரை தமிழ் எனக்குக் காதுக்குள் மட்டும் இருந்த மொழி. ஆயா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினத்தந்தி படிப்பார். கண்ணில் புரை முற்றியபோது, "நீ கொஞ்சம் படிச்சிக் காட்டேன்" என்று பேப்பரை என்னிடம் நீட்டினார். என்னால் ஒரு வரி படிக்க முடியவில்லை. ஆயா ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அந்த மடிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாளிலிருந்து நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தலைப்புச் செய்தியின் பெரிய எழுத்து மட்டும் ஆயா கண்ணுக்குத் தெரியும். அதை வைத்து அவர் எனக்கு எழுத்துச் சொல்லித் தருவார். கீழே இருக்கும் சின்ன எழுத்தை நான் கூட்டிக்கூட்டி அவருக்குப் படிப்பேன். ஆபரேஷன் ஆகும்வரை நான்கு மாதம் இப்படிப் போனது. நான்காவது மாதம் நான் நிற்காமல் படித்தேன்.

கன்னடம் எழுதத் தெரிந்தவர்களுக்குத் தமிழ் சீக்கிரம் வரும். எழுத்து வரிசை ஏறக்குறைய ஒன்று. குறில் எகரம், ஒகரம் இரண்டிலும் உண்டு. என் அனுபவத்தில் சிக்கல் மூன்று இடங்களில் வந்தது. கன்னடத்தில் க வரிசை ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே 'க'. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக வரும், 'ங்'குக்குப் பிறகு மென்மையாகும், நடுவில் இன்னும் இளகும். கடல், பக்கம், சங்கம், அகம் என்று நான்கு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

அடுத்தது ந, ன. கன்னடத்தில் இதற்கு ஒரே எழுத்துதான். இதற்கு நான் பிடித்துக்கொண்ட வழி: சொல் தொடங்கும்போது ந, தகரத்துக்கு முன்னால் ந், றகரத்துக்கு முன்னால் ன், டகரத்துக்கு முன்னால் ண். பந்து, கன்று, வண்டு. முக்கால்வாசிப் பிழை இதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது ழகரம், றகரம். பழைய கன்னடத்தில் இரண்டுக்கும் எழுத்து இருந்தது, பிறகு வழக்கொழிந்து போனது. எங்கள் வீட்டுப் பேச்சிலும் ழகரம் வராது. பழம் எங்களுக்குப் 'பயம்'. வாழைப்பழம் 'வாயப்பயம்'. ஆயா சொல்லச் சொல்ல நான் எழுதிய முதல் மளிகைச் சீட்டில் 'பயம் அரை டஜன்' என்றுதான் இருந்தது. ழகரத்தைக் காதால் பிடிக்க முடியாதவர்கள் கண்ணால்தான் பிடிக்கவேண்டும். நிறையப் படிப்பது ஒன்றுதான் வழி. அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. சிறுவர் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள்; வளர்ந்தவர் சிறுவர் புத்தகம் எடுக்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். வீட்டிலிருந்தே படிக்கவேண்டுமென்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகம் இருக்கிறது. சங்க இலக்கியத்திலிருந்து உரைநடை வரை இலவசமாகக் கிடைக்கும்.

முதல் கதை எதைப் பற்றி?

பி.யூ.சி. இரண்டாம் ஆண்டில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில் எழுதினேன். ஆற்றங்கரைக் கிராமம், வாழைத்தோப்பு, திண்ணை, திண்ணையில் ஒரு பாட்டி, கொட்டிலில் ஒரு பசு. பன்னிரண்டு பக்கம். நான் அதுவரை குடியாத்தம் போனது மூன்று முறை, மூன்றும் கல்யாணத்துக்கு. மண்டபத்தைத் தவிர வேறெதையும் சரியாகப் பார்த்ததில்லை.

என் தோழி ஒருத்தி கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து படிக்கிறாள். தங்கச் சுரங்கம் 2001இல் மூடியபிறகு அங்கிருந்து வேலைக்கும் படிப்புக்கும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு வருகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அவளிடம் கதையைக் கொடுத்தேன். போகும்போது ரயிலில் படித்துவிட்டு மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தத் திண்ணை எவ்ளோ ஒசரம்? பாட்டி உக்காந்தா கால் தரையைத் தொடுமா, தொங்குமா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை; படிக்கும்போது அவள் மனதில் பாட்டி உட்காரவே முடியாமல் நின்றுகொண்டிருந்தாளாம். நான் அந்தத் திண்ணையைக் கதைகளிலிருந்து எடுத்து வந்திருந்தேன். 'தமிழில் கதை என்றால் கிராமம்' என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். அல்சூரில் தமிழ்க் கதை நடக்கலாம் என்று தோன்றவே இல்லை.

அடுத்த கதைக்கு எங்கள் தெரு முனையின் இஸ்திரி வண்டிக்காரரை எடுத்தேன். அந்த வண்டி என் இடுப்பு உயரம். கரிப்பெட்டியைத் தூக்கும்போது அவர் இடது தோள் கொஞ்சம் இறங்கும். தண்ணீரைக் கையால் தெளிப்பார், ஸ்ப்ரே பாட்டில் வாங்கிக்கொடுத்தும் தொடவில்லை. பிப்ரவரியில் மேலே இருக்கும் மரத்திலிருந்து பூ விழும்; வெள்ளைச் சட்டைமேல் விழுந்தால் உடனே தட்டிவிடுவார், கறை பிடித்துவிடுமோ என்று பயம். நான்கு பக்கம்தான். ஐந்து முறை திருத்தி எழுதினேன். தோழி படித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அது ஒரு சிற்றிதழில் வந்தது. இதுவரை அச்சில் வந்தது அது ஒன்றே. அனுப்பியவை மொத்தம் ஆறு.

நம் பெங்களூர்த் தமிழில் எழுதினால் சிரிக்க மாட்டார்களா? எல்லாம் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து கிடக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. கேட்கும்போது குரலும் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இந்த ஊரில் தமிழ் நேற்று வந்ததில்லை. 1809இல் கன்டோன்மென்ட் என்கிற ராணுவக் குடியிருப்பு அமைந்தபோது பட்டாளத்தோடும் கட்டட வேலையோடும் தமிழ்க் குடும்பங்கள் வந்து தங்கின. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையின் தலைமையகம் இன்றும் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. இருநூறு ஆண்டுக்குமேல் ஒரு மொழி ஓரிடத்தில் புழங்கினால் அந்த இடத்தின் ஈரம் அதில் ஏறத்தான் செய்யும். நாகர்கோவில் பேச்சில் மலையாளத்தின் சாயல் இருக்கிறது. அதை அழகு என்கிறோம். கரிசல் காட்டு வழக்குக்கு அகராதியே வந்திருக்கிறது. 'சொல்ப லேட் ஆகும்மா' என்று எங்கள் இஸ்திரிக்காரர் சொல்வதும், 'கச வண்டி வந்துருச்சு, ஓடு' என்று அம்மா காலையில் குப்பைக் கூடையை நீட்டுவதும் அதே வகைதான். அதற்குப் பதில் 'சற்றுத் தாமதமாகும் அம்மா' என்று எழுதினால் அவர் எங்கள் தெருக்காரராக இருக்கமாட்டார்.

ஆனால் அளவு முக்கியம். பேச்சில் வருவதைப் பேச்சிலேயே விட்டுவிட்டு, கதை சொல்லும் குரலை எளிய பொதுத் தமிழில் வைத்துக்கொள்கிறேன். சேலத்திலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து படிப்பவருக்கும் கதை போய்ச் சேரவேண்டும். கன்னடச் சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அர்த்தம் எழுதுவதில்லை. கதை நடக்கிற விதத்திலேயே அர்த்தம் தெரிந்துவிடவேண்டும். ஒரு உதாரணம்: 'ஊட்ட ஆய்த்தா?' என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் சாம்பார்க் கிண்ணத்தை நீட்டினார். கன்னடம் தெரியாதவருக்கும் இது புரியும். கிண்ணம் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. கலப்பை வேடிக்கைக்காகப் பயன்படுத்தாதீர்கள். 'குரு', 'மச்சா', 'சக்கத்' என்று வரிக்கு வரி தூவினால் பெங்களூரு வந்துவிடாது. ஒரே வீட்டில் ஆயா 'இன்னா படிச்சிக்கினு கீற' என்கிறார், அப்பா சவாரிக்காரரிடம் கன்னடமும் உருதும் பேசிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் தமிழுக்கு மாறுகிறார், நான் தோழியிடம் மூன்று மொழியில் ஒரு வாக்கியம் முடிக்கிறேன். ஒவ்வொருவர் கலப்பதும் வேறு மாதிரி. அதைக் கேட்டு எழுதுவதுதான் வேலை. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது எழுதும் நோட்டு அதற்காகத்தான்.

தமிழில் டைப் செய்வது எப்படி? நான் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றுகிறேன்.

அதிலேயே தொடங்கலாம், தவறில்லை. ஆனால் நீளமாக எழுதப் போகிறீர்கள் என்றால் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுங்கள். உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு விரல் தானாகப் போகும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ந, த என்று அடித்தால் 'ந்த' வரும். ன, ற என்று அடித்தால் 'ன்ற'. மேலே ந, ன பற்றிச் சொன்ன வழி எனக்கு மனதில் நின்றதே இந்த விசைப்பலகையால்தான். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது நாம் தமிழ்ச் சொல்லை ஆங்கிலக் காதால் கேட்கிறோம். ர, ற, ல, ள, ழ எல்லாம் குழம்புவதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எழுத்தைத் தவிர வேறு என்ன பொழுதுபோக்கு?

மரம் பார்ப்பது. உண்மையாகவே அதுதான். பெங்களூருவில் மாதத்துக்கு ஒரு மரம் பூக்கும். லால்பாக் தோட்டத்தை நிர்வகித்த க்ரூம்பீகல் என்கிற ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர், ஒன்று உதிரும்போது இன்னொன்று பூக்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்து நடவேண்டும் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டம் போட்டார். அதன் பலனை நாங்கள் இலவசமாக அனுபவிக்கிறோம். ஜனவரி, பிப்ரவரியில் இளஞ்சிவப்பு டபேபுயா. ஆயா அதை 'ரோஸ் மரம்' என்கிறார். பிறகு நீல ஜகரண்டா. ஏப்ரல், மே என்றால் குல்மொஹர். எங்கள் தெரு மரம் முதல் பூ விட்ட தேதியை 2023லிருந்து எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு காலையில் ஏரிக்கரை. கூழைக்கடா வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்த்தால் அம்மா மொட்டைமாடியில் ஈரப் புடவையைப் பிடித்து நிற்பது போலவே இருக்கும். ஏரியில் மீன் செத்து மிதந்த நாட்களும் உண்டு. அப்போது கரையில் நிற்க முடியாது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய புத்தகத்துக்கு சர்ச் ஸ்ட்ரீட், பாடப்புத்தகத்துக்கு அவென்யூ ரோடு. தமிழ்ப் புத்தகம் இவற்றில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். 2022 டிசம்பரில் இங்கே தமிழ்ப் புத்தகத் திருவிழா தொடங்கியபோது முதல்முறையாக ஒரு முழு அரங்கு தமிழ்ப் புத்தகங்களுக்கு நடுவில் நின்றேன். ஆயாவையும் அப்பா ஆட்டோவில் கூட்டிவந்தார். ஆயா ஒவ்வொரு கடையிலும் ஒரு புத்தகத்தையாவது எடுத்து, முதல் வரியை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் வைத்தார்.

கவிதை?

எழுதுகிறேன், யாரிடமும் காட்டுவதில்லை. என் கவிதைகளில் இன்னும் என் குரல் வரவில்லை. படித்தவர்களின் குரல்தான் இருக்கிறது. அது போகட்டும் என்று காத்திருக்கிறேன்.

எழுதியதை யாரிடம் காட்டுவது?

நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். கே.ஜி.எஃப். தோழி, நான், எங்கள் வகுப்பிலேயே கன்னடத்தில் கதை எழுதும் ஒருத்தி. மாதம் ஒரு சனிக்கிழமை கப்பன் பார்க்கில், நூலகத்தின் சிவப்புக் கட்டடத்துக்குப் பின்பக்கம் உட்காருவோம். எழுதியவர் வாய்விட்டுப் படிக்கவேண்டும். மற்றவர்கள் காகிதத்தைப் பார்க்கக்கூடாது. கன்னடத் தோழிக்குத் தமிழ் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. அவளுக்குக் காதால் புரியாத வரி பெரும்பாலும் மோசமான வரியாகவே இருக்கும். படித்து முடித்தபின் 'நல்லா இருக்கு' என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. எந்த இடத்தில் மனம் வேறெங்கோ போனது என்று மட்டும் சொல்லவேண்டும். முடிந்ததும் வெளியே வந்து பை டூ காபி. மூன்று பேருக்கு இரண்டு காபி வாங்கிப் பிரித்துக்கொள்வோம்.

பத்திரிகைக்கு எப்படி அனுப்புவது? பணம் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுகதைப் போட்டிக்கு 499 ரூபாய் நுழைவுக் கட்டணம் கட்டினேன். 'தேர்வாகிவிட்டது' என்று பதில் வந்தது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பிறகு தொகுப்பில் கதை வரவேண்டுமானால் ஐந்து பிரதி நானே வாங்கவேண்டும் என்றார்கள். ஆபீஸ் சம்பளத்தில் பாதி போயிருக்கும். வாங்கவில்லை, கதையும் வரவில்லை. பணத்தைவிட, அப்பாவிடம் திரும்பிப் போய் அது வரவில்லை என்று சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. எழுதியவரிடமே பணம் வாங்கி நடத்தும் தொகுப்புக்கு வாசகர் தேவையே இல்லை, எழுதியவர்களே வாங்கிவிடுவார்கள். இதை அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

அனுப்பும்போது யூனிகோடு எழுத்தில் வேர்டு கோப்பாக அனுப்புங்கள், பிடிஎஃப் வேண்டாம். அந்த இதழின் இரண்டு மூன்று பழைய பிரதிகளையாவது முதலில் படியுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். நான் மூன்று மாதம் காத்திருப்பேன், பிறகு ஒரு நினைவூட்டல், அப்புறம் வேறு இடம்.

வீட்டு மனிதர்களைப் பற்றி எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

அப்பாவுக்குப் பெருமை. அம்மாவுக்குப் பயம் இருந்தது, நியாயமான பயம். ஒரு கதையில் பெயரை மாற்றிவிட்டு எங்கள் வீட்டில் நகை அடகு போன நாளை எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா. அந்த நகை விசயம் மட்டும் வேணாம். சித்தி படிச்சா அவளுக்குத் தெரிஞ்சிரும்" என்றார். அந்தக் கதையின் நடுவே அதுதான். எடுத்தால் கதை நிற்காது. கதையையே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அது அம்மாவின் நாள், என்னுடையது மட்டும் கிடையாது. இது சரியா என்று எழுதுகிற நண்பர்கள் வாதம் செய்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

தேர்வும் வருகைப் பதிவும்?

75 சதவீதம் வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது, அதனால் வகுப்பைக் கட் அடித்து எழுதுகிற பழக்கம் வைத்துக்கொள்ளவில்லை. செமஸ்டர் தேர்வு மாதத்தில் காலை நோட்டு மட்டும்.

பெங்களூருவில் தமிழில் எழுதுவதால் பிரச்சினை வந்திருக்கிறதா?

எனக்கு வந்ததில்லை. ஆயாவின் தலைமுறைக்கு வந்திருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டி இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை. வள்ளுவர் ஈரடியில் சொன்னார், சர்வக்ஞர் திரிபதி என்கிற மூவடியில் சொன்னார். கன்னடத் தோழியிடம் நான் திரிபதி கேட்கிறேன், அவளுக்குக் குறள் சொல்கிறேன்.

இங்கே வாழ்கிறவர்கள் கன்னடம் நன்றாகக் கற்றுக்கொள்ளவேண்டும், படிக்கவும் எழுதவும். தமிழ் எழுத வருவதற்கு எனக்குக் கன்னட எழுத்துதான் படியாக இருந்தது.

இப்போது என்ன எழுதுகிறீர்கள்?

1991 டிசம்பர் பற்றி ஆயா சொன்னதை. ஒன்றரை வருடமாக எழுதுகிறேன். ஊரடங்கு போட்ட நாட்கள். அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா பின்கட்டுச் சுவருக்கு மேலாக மூன்று ராத்திரி குடத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். முதல் ராத்திரி அவர் சொன்ன ஒரே வார்த்தை, "பாகிலு ஹாக்கொள்ளி." கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். ஆயாவுக்கு அப்போது அவ்வளவாகக் கன்னடம் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் அதே குரலில் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

அதைத் தமிழாக்கிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. கன்னடமாகவே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டேன். சுவரின் உயரம் தெரியாமல் நின்றுபோயிருந்தது. வீடு இடித்துக் கட்டிவிட்டார்கள், அளக்க வழியில்லை. போன வாரம் ஆயாவிடம் கேட்டேன். எழுந்து நின்று, குடத்தை வாங்குவது போல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நான் அம்மாவின் தையல் டேப்பை எடுத்து வந்து தரையிலிருந்து அளந்தேன். ஐந்தே முக்கால் அடி. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை எழுதி அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.